பழைய பெட்டிக்குப் புது மூளை

போன வாரம் சண்டை எங்கே நின்றது என்று நினைவிருக்கிறதா? இல்லையென்றாலும் பாதகமில்லை. அந்த வீட்டில் சண்டை போடுகிறவர்களுக்கே அது நினைவில் நிற்பதில்லை. உங்களை மட்டும் குறை சொல்வானேன்?

அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன். இருவருக்கும் பொதுவில் ஒரு கம்ப்யூட்டர். உருப்படியான வேலை எதற்கும் வாங்கியதில்லை. விளையாடுவதற்கென்றே வாங்கியது, அதுவும் எந்தக் காலத்திலோ. போன ஞாயிற்றுக்கிழமை போட்டியின் கடைசிச் சுற்றில், எதிரி நேர் எதிரே நின்ற நேரம் பார்த்து, படம் அப்படியே உறைந்து நின்றது. மறுபடி அது அசைந்தபோது இவர்களுடைய வீரன் குப்புற விழுந்து கிடந்தான். "ப்ராசஸரை மாத்தியே ஆகணும்" என்றான் அண்ணன். "மாத்தவே கூடாது" என்றான் தம்பி. அங்கேதான் விட்டோம்.

'இவர்களுடைய வீரன்' என்றேன் அல்லவா? அதைப் புதிதாக வந்தவர்களுக்கு விளக்கிவிட வேண்டும். ஏனென்றால் ஊர் உலகத்தில் வேறு யாரும் இப்படி விளையாடுவதில்லை.

விளையாட்டில் அந்த வீரனுக்குப் பெயர் தன்னந்தனியன். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவனை இயக்க இரண்டு ஆள் வேண்டும். கீபோர்டு அண்ணன் கையில்: ஓடுவது, குனிவது, குதிப்பது, சுவருக்குப் பின்னால் ஒளிவது. மவுஸ் தம்பி கையில்: திரும்பிப் பார்ப்பது, குறி வைப்பது, சுடுவது. சின்ன வயதில் வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். முறை வைத்து ஆடச் சொன்னால் அடிதடியில் முடிந்தது. அதனால் ஆளையே பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு வளர்ந்தார்கள், மீசை வந்தது, வேலை வந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் தனித்தனியாக உட்கார வைத்தால் அண்ணன் ஓடி ஓடிச் சாவான், தம்பி நின்ற இடத்திலேயே நின்று சாவான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் அண்ணி.

கொழுந்தன் அண்ணி என்று கூப்பிடப் போய், தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறது. வீட்டுக்குக் கீழே இருக்கிற சலவைக் கடை அவளுடையது. கறையைப் பார்த்தே அது காபியா, மையா, கிரீஸா என்று சொல்லிவிடுவாள். "யாரோ மேல கொட்டிட்டாங்க" என்று ஒருவர் கோட்டை நீட்டினால், விளக்குக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரோ இல்ல, நீங்களேதான்" என்பாள். வாடிக்கையாளர்கள் பயந்துகொண்டேதான் வருவார்கள், ஆனால் வராமல் இருக்க மாட்டார்கள். துணி அவ்வளவு சுத்தமாகத் திரும்பும். பொதுவாகவே மனிதர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. புருஷனையும் கொழுந்தனையும் பற்றி அறவே கிடையாது.

இந்த ஞாயிறும் கடைக்கு விடுமுறை. அவள் ஹாலுக்கு வந்தபோது, கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் பெரியவன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவனுக்கு. லிஃப்ட் பழுது பார்க்கிற சின்னவன், தன் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பாருடா, நல்லாப் பாரு" என்றான் பெரியவன். "கிராபிக்ஸ் கார்டு ஜம்முனு இருக்கு. பாதி வேலைகூட இல்லாம சும்மா உக்காந்திருக்கு. ப்ராசஸர்தான் மூச்சு முட்டுது. படம் வரையறவன் தூரிகையோட தயாரா நிக்கறான், என்ன வரையணும்னு சொல்ல வேண்டியவன் முழிக்கறான். அதனாலதான் படம் நிக்குது."

"தெரியும்ணா."

"தெரிஞ்சா அப்புறம் என்ன? இந்த மதர்போர்டுல உக்கார்ற ப்ராசஸர்லயே பெருசு ஒண்ணு ஸ்க்ரூ கடைக்கு வந்திருக்கு. இப்போ இருக்கறதைவிட ரெண்டு மடங்கு வேலை செய்யும். இனிமே அது புதுசா வராது. சாயங்காலம் வரைக்கும்தான் எடுத்து வைப்பேன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார்."

"பெருசுதான். ஆனா அதுவும் பழசுதானேண்ணா? யாரோ கழட்டிப் போட்டது. இந்த போர்டுக்கு அதோட கதை முடிஞ்சுது, அதுக்கு மேல ஏற வழியே கிடையாது. அடுத்து வர்ற கேமுக்கு அதுவும் இப்படித்தான் முழிக்கும்."

"சரி, அப்போ போர்டு, ரேம் எல்லாத்தையும் சேர்த்தே மாத்திடுவோம்."

"வேணாம்."

"அதுவும் வேணாமா? அப்போ என்னதான்டா வேணும்?"

"எதுவும் வேணாம். இருக்கறது இப்படியே இருக்கட்டும். போட்டி எல்லாம் போதும், சும்மா பொழுதுபோக்கா ஆடினாப் போதாதா?"

அண்ணி கதவருகில் நின்று இதைக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குக் கொழுந்தன் மேல் சந்தேகம் வந்தது. இவனா பேசுகிறான்? பெரிய ஸ்கிரீன் வேண்டும் என்று அடம் பிடித்துச் சாப்பிடாமல் படுத்தவன் இவன். பெட்டிக்குள் கலர் விளக்கு வைக்கிறேன் என்று மொத்த வீட்டுக்கும் ஃபியூஸ் போக வைத்த மேதாவி இவன். அவன் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல் வந்து அவள் கேட்டதில்லை. அதைவிட மோசம், அவன் சொன்னதில் தப்பே இல்லை. சின்னவன் பொறுப்பாகப் பேசுவதை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை.

"அண்ணியே சொல்லட்டும்" என்றான் பெரியவன்.

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றால், பஞ்சாயத்து அவளிடம் வரும். அவள் இரண்டு பேரையும் நாறடித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொல்வாள். மேல்முறையீடு கிடையாது.

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள். "ஒருத்தருக்கு வழுக்கை விழுந்தாச்சு. ஒருத்தனுக்குத் தொப்பை வந்தாச்சு. டப்பாவைப் பிரிச்சுப் போட்டுட்டு ரெண்டு கழுதையும் நடு ஹால்ல உக்காந்து மூளை பத்திப் பேசறீங்க. முதல்ல மாத்த வேண்டியது அதுக்குள்ள இருக்கறது இல்ல."

"சரி சரி. தீர்ப்பைச் சொல்லு."

அவள் பெரியவனின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. சிநேகிதன் என்று அவனுக்கு ஒருத்தன் கிடையாது. பகல் முழுக்க சாணைச் சக்கரத்தின் முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு வந்தாலும் கேட்ட கேள்விக்குத்தான் பதில். அந்த இரண்டு நாற்காலியில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அவனுக்கு வாய் வந்துவிடும், சிரிப்பு வந்துவிடும், வயதுகூடக் குறைந்துவிடும். அந்தப் பெட்டி செத்தால் தன் புருஷனுக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். அதை வெளியே சொல்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"மாத்தித் தொலைங்க" என்றாள். "அது ஒண்ணுதான் உங்க ரெண்டு பேரையும் ஒரு இடத்துல அடக்கி உக்கார வைக்குது. அதுவும் இல்லேன்னா காலைச் சுத்திச் சுத்தி வந்து என் உயிரை வாங்குவீங்க."

பெரியவன் துள்ளி எழுந்தான். சின்னவன், வழக்கமாகத் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன், அன்றைக்கு அண்ணியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

*

ஸ்க்ரூ கடை ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சின்னவன் வரவில்லை என்றுவிட்டதால் பெரியவனோடு அண்ணிதான் போனாள். கடைக்காரர் எப்போதும் உதட்டிடுக்கில் ஒரு திருகாணியை வைத்துக்கொண்டுதான் பேசுவார். அதனால் அவருக்கும் கடைக்கும் அந்தப் பெயர். என்றைக்காவது அதை விழுங்கப் போகிறார் என்று அண்ணி ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பாள். சுவர் முழுக்கச் செத்த கம்ப்யூட்டர்களின் உடல் உறுப்புகள். தூசி மட்டும் புதுசாக இருந்தது.

"கடையைக் கூட்டற வழக்கமே இல்லையா?" என்றாள்.

"கூட்டினா எது எங்க இருக்குன்னு தெரியாமப் போயிடும் அண்ணி."

ப்ராசஸரைப் பெரியவன் கையில் வாங்கிக்கொண்டான். தீப்பெட்டியைவிடச் சின்ன சதுரம். அடிப்பக்கம் வரிசை வரிசையாக ஊசிக் கால்கள், ஒன்று வளைந்திருந்தாலும் போர்டில் உட்காராது. சட்டைப் பையிலிருந்து தன் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கடையின் பின்பக்கத்து விளக்குக்குப் போய்விட்டான். பொண்ணு பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷன் தன்னை இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

ஸ்க்ரூ தன் வாயிலிருந்து திருகாணியை எடுத்தார். அவர் அதை எடுத்தே அவள் பார்த்ததில்லை.

"அண்ணி, தம்பியோட பெட்டியும் ரெடி ஆயிடுச்சு. கையோட எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல அவரே வருவாரா?"

"எந்தத் தம்பி?"

"உங்க கொழுந்தன்தான். அதோ." கல்லாவுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. சின்னதாக, பளபளவென்று, கைப்பிடி வைத்தது. "எல்லாமே புதுசு. போர்டு, ப்ராசஸர், ரேம், எல்லாம். வேற ஊருக்கு மாத்தலாகிப் போறாராமே, தூக்கிட்டுப் போக வசதியாச் சின்னதா வேணும்னார். ஒரு ஆளுக்குத் தாராளமாப் போதும். என்ன அண்ணி, உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி அந்த வெள்ளைப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். வேற ஊர். ஒரு ஆளுக்கு. எதுவும் வேணாம் என்று காலையில் அவன் பேசிய பொறுப்பின் லட்சணம் இப்போது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. அடப்பாவி.

"தெரியாம என்ன?" என்றாள். "எனக்குத் தெரியாம அந்த வீட்டுல எறும்பு நகராது. அவனே வந்து எடுத்துப்பான். நீங்க அந்த ஆணியை எடுத்து மறுபடி வாயில வைங்க."

பின்பக்கத்திலிருந்து பெரியவனின் குரல் வந்தது. "ஒரு கால்கூட வளையலை! வந்து பாரேன், எவ்வளவு சுத்தமா வச்சிருந்திருக்கான் மகராசன்!"

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். 'ஏங்க, வாங்காதீங்க, வாங்க வீட்டுக்குப் போகலாம்' என்று ஒரு வார்த்தை. அவள் வாய் எதற்கும் தயங்குகிற வாய் இல்லை. ஆனால் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பல் எல்லாம் தெரிய அவன் திரும்பி வந்தபோது, அவளால் முடியவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும், அந்தத் திருட்டுப் பயல் தன் வாயாலேயே சொல்லட்டும் என்று அவள் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இன்னொரு நினைப்பும் இருந்தது. புது மூளை வந்து உட்கார்ந்துவிட்டால், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, வெட்கம் மானம் கொஞ்சமாவது இருந்தால், சின்னவன் போகாமல் நின்றுவிடுவான்.

"வாங்கிக்கட்டுமா?" என்றான் பெரியவன்.

"அதான் காலையிலேயே சொன்னேனே" என்றாள்.

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். போர்டுக்குள்ளே இருக்கிற புரோகிராமை முன்கூட்டியே புதுப்பித்து வைத்துவிட்டானாம். இல்லாவிட்டால் புது ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாதாம். வார நடுவிலேயே செய்துவிட்டானாம், தம்பியிடம்கூடச் சொல்லாமல். "அவன் வேணாம் வேணாம்னுதான் சொல்லுவான். மாட்டி ஓட விட்டதும் பாரு, அவன்தான் முதல்ல குதிப்பான்" என்றான். அண்ணி அவனுக்கு இரண்டடி முன்னால் நடந்தாள்.

*

பெரியவன் மேலே போய்க் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்ததும், அவள் சின்னவனைக் கீழே கடைக்கு வரச் சொன்னாள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். உறை போட்ட கோட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு கம்பி முழுக்க அவனுடைய சட்டைகள். வாரத்துக்கு இரண்டு யூனிஃபார்ம் கொடுக்கிறவன், இந்த வாரம் அலமாரியையே கவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். சோம்பேறிக்குத் திடீரென்று சுத்தம் வந்துவிட்டது என்று கேலி பண்ணித்தான் அவள் வாங்கிப் போட்டாள். கறையில் பொய்யைக் கண்டுபிடிக்கிறவளாம். கண் எங்கே போயிருந்தது?

"எப்போ கிளம்பறே?" என்றாள்.

அவன் மழுப்பவில்லை. "அடுத்த வாரம். ஸ்க்ரூ சொல்லிட்டாரா?"

"ஊர்ல இருக்கற எல்லாருக்கும் சொல்லிட்டு எங்களுக்கு மட்டும் ஒளிச்சு வச்சியா? கம்பெனி மாத்திட்டாங்களா?"

"நானே கேட்டு வாங்கினேன்."

"ஏன்டா? இங்க என்ன குறை வச்சோம்? வேளைக்குச் சோறு, வெளுத்த சட்டை, பக்கத்துல உக்காந்து விளையாட ஒரு அண்ணன். இதைவிடச் சொகுசா எந்த ராஜா வீட்டுப் பிள்ளை இருக்கான்?"

"அதான் அண்ணி."

"எது?"

சின்னவன் தொங்குகிற சட்டை ஒன்றின் உறையை நீவிக்கொண்டிருந்தான். "ஆபீஸ்ல போன் எடுக்கற பொண்ணு வீட்டுக்கு வந்தா இல்ல, நான் கூட்டிட்டு வந்தேனே. அன்னைக்கு நாங்க விளையாடிட்டிருந்தோம். நீங்க அவகிட்ட சொன்னீங்க, 'பார்த்துக்கோம்மா, இவங்க ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு ஆளு'ன்னு. அவ ரொம்ப நேரம் சிரிச்சா."

"சிரிக்கத்தானே சொன்னேன்!"

"மறுநாள்லேர்ந்து ஆபீஸ்ல எனக்கு அரை ஆள்னு பேரு. லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணா, 'அரை ஆள் வந்துட்டிருக்காரு'ன்னு சொல்றானுங்க. அது போகட்டும் அண்ணி. அவளே ஒருநாள் கேட்டா, 'உங்க அண்ணன் இல்லாம நீங்க தனியாச் செஞ்சது ஏதாவது இருக்கா'ன்னு. கேலியாக் கேக்கலை, நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணுமே ஞாபகம் வரலை."

அண்ணிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆயிரம் பேரை ஆயிரம் விதமாகச் சொல்லியிருக்கிறாள். யாரும் அதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனதில்லை. சொன்னதை எண்ணி அவளுக்கு வருத்தமாக இருந்தது, அந்த வருத்தம் வந்ததே எரிச்சலாக இருந்தது. எரிச்சலைத்தான் வெளியே எடுத்தாள்.

"ஒரு பொண்ணு ஒரு கேள்வி கேட்டா, அதுக்கு மூட்டை கட்டிட்டு ஓடறதா? நீயெல்லாம் லிஃப்ட்ல மாட்டினவங்களைக் காப்பாத்தப் போறே! கோழை."

"ஆமா."

"ஆமாவாம்! உங்கண்ணன்கிட்ட முதல்ல சொல்ல வேண்டியதுதானே?"

"எப்போ சொல்றது, சொல்லுங்க. நாங்க பேசறதே விளையாடும்போதுதான். 'வலது பக்கம், குனி, ஓடு, விடாதே.' அவ்வளவுதான் எங்க பேச்சு. எழுந்தா அவன் தூங்கப் போயிடுவான். இதுக்கு நடுவுல எந்த இடத்துல சொல்றது? ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னுதான் உக்கார்றேன். அவன் சந்தோஷமா கீபோர்டைத் தட்டிட்டிருப்பான். நான் சுட ஆரம்பிச்சுடுவேன்."

அண்ணி தாழ்ப்பாளைத் திறந்தாள். "இன்னைக்குச் சொல்றே. சாப்பாட்டுத் தட்டு வைக்கறதுக்குள்ள சொல்றே. இல்லேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்."

*

பெரியவன் பழைய ப்ராசஸரைக் கழற்றிவிட்டான். ஃபேனின் அடியில் காய்ந்து கிடந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, புதியதைக் குழியில் வைத்து, ஒரு பொட்டு புதுப் பேஸ்ட் வைத்து, ஃபேனை மாட்டித் திருகினான். லென்ஸ் பிடித்துப் பழகிய விரல், நடுங்கவில்லை. பொத்தானை அமுக்கினான். பெட்டி ஒருமுறை கத்தியது. அண்ணிகூட எட்டிப் பார்த்தாள், தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். ஸ்கிரீன் வெளிச்சமாயிற்று.

"வாடா! ஓடுது!"

இரண்டு நாற்காலிகளும் நிறைந்தன. அண்ணி மடிக்க வேண்டிய துணிகளை எடுத்து வந்து சோபாவில் உட்கார்ந்தாள். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. போன வாரம் உறைந்து நின்ற அதே பாலம், அதே கூட்டம், அதே புகை. எங்கும் நிற்கவில்லை.

"பார்த்தியா? பார்த்தியாடா? வேணாம்னியே!" பெரியவனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "எத்தனை பேர் வந்தாலும் அசையுதா பாரு. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல. அடுத்த போட்டிக்குப் பேர் கொடுத்துடுவோம். வலது பக்கம், ஜன்னல்ல ஒருத்தன்!"

சின்னவன் சுட்டான். ஜன்னலில் இருந்தவன் விழுந்தான்.

"அண்ணா."

"சொல்லு. படிக்கட்டுல ஏறட்டுமா?"

"ஏறு. அண்ணா, எனக்கு வேற ஊருக்கு மாத்தலாயிருக்கு. நானேதான் கேட்டு வாங்கினேன்."

பெரியவனின் விரல்கள் நிற்கவில்லை. தன்னந்தனியன் படியேறினான், வராந்தாவில் ஓடினான், ஒரு தூணுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகுதான் நின்றான்.

"எப்போ போறே?"

"அடுத்த வாரம்."

"வாரா வாரம் வருவியா?"

"வர முடியாதுண்ணா. தூரம். ஆனா அங்கேயிருந்தே ஆன்லைன்ல ஆடலாம். நீ ஒரு ஆளா, நான் ஒரு ஆளா. எனக்குன்னு ஒரு மெஷின் சொல்லி வச்சேன். ஸ்க்ரூ கடையில இருக்கு. முழுசா நானே ஆடிப் பழகணும்ணா. ரெண்டு கையாலயும்."

"ஸ்க்ரூ கடையிலயா?"

"ஆமா. போன மாசமே சொல்லி வச்சது."

பெரியவன் நாற்காலியோடு திரும்பினான். தம்பியைப் பார்க்கவில்லை. சோபாவைப் பார்த்தான். பாதி மடித்த போர்வை அண்ணியின் கையிலேயே இருந்தது.

"நீ அவர்கூடப் பேசிட்டிருந்தியே. நான் உள்ள இருந்தப்போ."

அண்ணி போர்வையின் மறுபாதியை மடித்தாள். அவனுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் கடையிலிருந்து வீடு வரைக்கும் அவனைப் பேச விட்டு, அத்தனை ஆசையையும் கேட்டுக்கொண்டு, வாய் மூடி முன்னால் நடந்து வந்தவள் அவள்தான். ஸ்க்ரூவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியும். கேலிப்பொருளாக நின்றவன் அவன் ஒருத்தன் மட்டும்தான். இத்தனை வருஷம் அவனை வாயாலேயே வறுத்தெடுத்தாளே, அதிலெல்லாம் இவ்வளவு கேவலம் எதுவும் இல்லை.

"எழுந்திரு" என்றான் பெரியவன் தம்பியிடம்.

சின்னவன் எழுந்தான்.

"நீ வா, உக்காரு" என்றான் பெண்டாட்டியைப் பார்த்து.

"எனக்கென்ன தெரியும் இதுல? விடுங்க, சாப்பாடு எடுத்து வைக்கணும்."

"உக்காருன்னேன்."

அவன் அவளிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. இப்போதும் உயர்த்தவில்லை. ஆனாலும் அவள் போர்வையைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாற்காலியில் கொழுந்தன் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது. மவுஸைப் பிடித்தாள். கனத்த இஸ்திரிப் பெட்டியைப் பூ மாதிரித் தூக்குகிறவள், இதைத் தொட்டதும் படம் தலைகீழாகப் புரண்டு வானத்துக்குப் போயிற்று.

"கீழ பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது போக மாட்டேங்குது."

"தரையைப் பார்க்கச் சொல்லலை. எதிர்ல பாரு. இதுகூட வராதா உனக்கு?"

பின்னால் நின்ற சின்னவனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, மெதுவா, மணிக்கட்டை மட்டும் லேசா..."

"நீ பேசாதே" என்றான் பெரியவன். தம்பியிடம் அந்த வார்த்தையை அவன் சொன்னதை அந்த வீடு இதுவரை கேட்டதில்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து தன்னந்தனியன் வெளியே ஓடினான். ஓட்டம் பழைய ஓட்டம்தான், அப்படி இப்படி வளைந்து, குனிந்து, அழகான ஓட்டம். கண்ணும் கையும்தான் வேறு ஆளுடையது. யாரோ சுட்டார்கள். அவள் பதறி அமுக்கினாள். குண்டுகள் எல்லாம் கூரையில் போய்ப் பட்டன. வீரன் விழுந்தான்.

பெரியவன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடி ஆரம்பிக்கிற பொத்தானைத் தட்டினான்.

"தெரிஞ்சுதானே வாங்க விட்டே?"

"ஆமா" என்றாள் அண்ணி.

"அப்போ நீயே சுடு."

பாலம் வந்தது, கூட்டம் வந்தது, புகை வந்தது. அவளுக்குப் பின்னால் சின்னவன் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வழியில்லை. எதிரே யாரோ ஒருவன் துப்பாக்கியோடு நேராக அவளைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தான்.